ஆழத்து மீனுக்கும் ஒரு பாட்டு



சீலகாந்த் என்னும் ஒரு மீனைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அதைவிட, அந்த மீனைக் குறித்து மனிதர் இயற்றிய இசையைப் பற்றிப் பேசவே எனக்கு அதிக ஆவல். ஆலயத்தின் வாசலைக்கூட அறியாத இசைக் கலைஞர்கள், அழகற்றதும், மனிதனுக்கு எவ்விதப் பயனும் அற்றதும், ஆழ்கடலின் இருளில் ஒளிந்து வாழ்வதுமான ஒரு மீனைப் பாடுபொருளாகக் கொண்டிருக்கிறார்கள். நம்முடைய ஆராதனைப் பாடல்களிலோ இன்று அப்படிப்பட்ட சிருஷ்டிகளுக்கு இடமே இல்லாமற்போயிற்று. இது நமக்கு ஒரு குறைவு என்பதும், இக்குறைவு பாட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதும் என் கருத்து. அதைப் பொறுமையோடு வாசித்து நிதானிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, அந்த மீனின் வரலாறு.

1938ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் நெரின் என்னும் இழுவலைப் படகு வந்து நின்றது. அவ்வூரின் சிறிய அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்னும் 31 வயதுப் பெண்மணி, படகிலிருந்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லவும் பிடிபட்ட மீன்களைப் பார்க்கவும் அங்கே சென்றார். குவியலின் அடியிலிருந்து ஒரு நீலத் துடுப்பு எட்டிப் பார்த்தது. மேலிருந்தவற்றை விலக்கியபோது, ஏறத்தாழ 5 அடி நீளமும் 57 கிலோ எடையும் உடைய, அவர் அதுவரை கண்டிராத ஒரு மீன் கிடந்தது. தடித்த செதில்கள், உடலெங்கும் வெண்புள்ளிகள், கைகால்களைப்போலச் சதைப்பற்றுள்ள துடுப்புகள்.

துர்நாற்றம் வீசிய அந்த மீனை வாடகைக் காரில் ஏற்றிக்கொள்ள ஓட்டுநர் முதலில் மறுத்தார். பிணவறையிலும் குளிர்பதனக் கிடங்கிலும் அதை வைத்துக்கொள்ள இடம் கிடைக்கவில்லை. அருங்காட்சியகக் குழுவின் தலைவர் அதைச் சாதாரண மீன் என்று தள்ளினார். மார்ஜரி விலங்கியலில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனாலும் அவர் அதைத் தூக்கியெறிய மனமில்லாமல், அதன் தோலைப் பதப்படுத்தச் செய்து, உருவத்தை ஒரு தாளில் வரைந்து, கிரஹாம்ஸ்டவுனில் வேதியியல் கற்பித்துக்கொண்டே மீன்களை ஆராய்ந்துவந்த ஜே. எல். பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். 1939 ஜனவரி 3ஆம் நாள் அக்கடிதம் ஸ்மித்தின் கைக்குக் கிடைத்தது. அவர் திகைத்துப்போனார். பாறைகளில் பதிந்த புதைபடிவமாக மாத்திரமே அறியப்பட்டு, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக அறிஞர்கள் எண்ணியிருந்த ஓர் இனத்தின் மீன் அது. ஸ்மித் அதற்கு மார்ஜரியின் பெயரையும், அது பிடிபட்ட இடத்திற்கு அருகிலுள்ள சாலும்னா ஆற்றின் பெயரையும் சேர்த்து, லாட்டிமேரியா சாலும்னே என்று பெயரிட்டார்.

அதன் பின்பு அறிந்தவை இன்னும் வியப்பானவை. 1987இல் ஹான்ஸ் ஃபிரிக்கே என்னும் ஜெர்மானியர் ஒரு சிறு நீர்மூழ்கியில் இறங்கி, கொமோரோஸ் தீவுகளின் கடலாழத்தில் உயிரோடு நீந்தும் சீலகாந்தைப் படம்பிடித்தார். அது கடலின் தரையில் நடப்பதில்லை; ஆனால் நான்கு கால் பிராணி நடக்கும்போது எதிரெதிர்க் கால்களை மாற்றி மாற்றி எடுத்துவைப்பதுபோல, தன் துடுப்புகளை மாற்றி மாற்றி அசைக்கிறது. சில வேளைகளில் தலைகீழாக நிமிர்ந்து நிற்கிறது. பகலில் பாறைக் குகைகளில் ஒதுங்கி, இரவில் இரை தேடுகிறது. முட்டையிடாமல் குட்டிகளை ஈனுகிறது. 1991இல் மொசாம்பிக் கடலில் பிடிபட்ட ஒரு பெண் மீனின் வயிற்றில் 26 குட்டிகள் இருந்தன. அது நூறாண்டுகள் வரை வாழக்கூடும் என்றும், அதன் கர்ப்பகாலம் ஏறத்தாழ 5 ஆண்டுகள் என்றும் செதில்களின் வளையங்களைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் 2021இல் தெரிவித்தார்கள்.

இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டபின் மனிதன் என்ன செய்வான்? ஆராய்வான், விவாதிப்பான். சிலரோ பாடினார்கள்.

இங்கிலாந்தின் ஷ்ரீக்பேக் என்னும் இசைக்குழு 1985இல் வெளியிட்ட 'ஆயில் அண்ட் கோல்ட்' என்னும் இசைத்தொகுப்பில் 'சீலகாந்த்' என்ற பெயரில் ஓர் இசைக்கோவை உண்டு. அதில் அந்த மீனைக் குறித்த விவரணை ஏதும் இல்லை. மெல்ல மெல்ல அசையும் ஒலி மாத்திரமே. அடுத்த ஆண்டு 'மேன்ஹண்டர்' என்ற திரைப்படத்தில் அது ஒரு காட்சிக்குப் பயன்பட்டது. அத்திரைப்படம் கொடுமையான கதையுடையது. அதைப் பார்க்கும்படி நான் உங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சி கவனிக்கத்தக்கது. மயக்கமருந்து கொடுத்துக் கிடத்தப்பட்ட ஒரு புலியின் அருகே, பார்வையற்ற பெண் ஒருத்தி அழைத்துவரப்படுகிறாள். அவள் அதன் உடலைக் கைகளால் தடவுகிறாள். அது சுவாசிப்பதைக் காதால் கேட்கிறாள். அப்பொழுது ஒலிப்பது இந்த மீனின் பெயரைத் தாங்கிய இசை. காணாத ஒன்றை நடுங்கும் கையால் தொட்டறியும் அந்தத் தருணத்திற்கு அவ்விசை எவ்வளவாய்ப் பொருந்துகிறது!

ஜப்பானில் 'மிஸ்டர் சில்ட்ரன்' என்ற புகழ்பெற்ற குழு 1996இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதன் பெயரே 'ஆழ்கடல்' என்று பொருள்படும். அதன் தொடக்கத்தில் வரும் பாடல் 'சீலகாந்த்'. அப்பாடல் மீனைப் பற்றிப் பேசுவதோடு நிற்காமல், மீனையே நோக்கிப் பேசுகிறது. மாநகரத்து மனிதன் ஒருவன், ஆழத்தில் ஒளிந்திருக்கும் அந்த ஆதிகாலத்து ஜீவனை முன்னிலைப்படுத்தி அழைக்கிறான். இன்னும் எங்கேயோ உயிரோடிருக்கிறாயோ என்னும் ஏக்கம் அவ்வழைப்புக்குள் இருக்கிறது. பெரும் விற்பனையான ஒரு தொகுப்பின் வாசலில் இப்படி ஒரு மீனை நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும்.

இவை பக்திப் பாடல்கள் அல்ல. ஆயினும் பக்தியின் முதற்படியாகிய வியப்பு இவற்றில் உண்டு. தன்னை மறந்து, தனக்கு லாபமில்லாத ஒன்றின்முன் நின்று கவனிக்கும் மனநிலை உண்டு.

இதே மீன் நமது வட்டாரங்களில் வேறொரு விதமாய்ப் பயன்படுவதை நீங்கள் அறிவீர்கள். "அறிஞர்கள் அழிந்துபோயிற்று என்றார்கள், இதோ உயிரோடிருக்கிறது, ஆகவே அவர்கள் சொல்வதெல்லாம் பொய்" என்று துண்டுப்பிரதிகளில் எழுதுகிறார்கள். மறுபுறத்தில், "மீன் தரையேறி மனிதனானதற்கு இதுவே சாட்சி, இனி வேதம் எதற்கு?" என்று ஏளனம் செய்கிறவர்களும் உண்டு. இவ்விரு சாராரும் அந்த மீனைக் கல்லைப்போல எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிகிறார்கள்.

உண்மை இவ்விரண்டைவிட அமைதியானது. அது அற்றுப்போயிற்று என்று அறிஞர்கள் எண்ணியதற்குக் காரணம், அதற்குப் பிற்பட்ட காலத்துப் படிவங்கள் கிடைக்காமையே. உயிருள்ள மீன் கிடைத்தபோது தங்கள் எண்ணத்தைத் திருத்திக்கொண்டவர்களும் அதே அறிஞர்கள்தான், அதுவும் மகிழ்ச்சியோடே. இன்றைய சீலகாந்த் பண்டைய படிவங்களில் காணும் மீனின் உறவினமேயன்றி, அதுவே அன்று. மேலும், 2013இல் அதன் மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, தரைவாழ் பிராணிகளுக்கு அதைவிட நுரையீரல் மீனே நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஆகவே அந்த மீன் எந்தத் தரப்பாரின் வழக்கறிஞராகவும் நிற்கச் சம்மதிப்பதில்லை. நம் சபையில் சிருஷ்டிப்பின் நாட்களைக் குறித்துப் பலவிதமாய் விளங்கிக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பந்தியில் அப்பம் பிட்கிறோம். இந்த மீனை வைத்து வாதத்தில் வென்றவன் பெற்றுக்கொள்வது ஒரு வெற்றி மாத்திரம். அதைக் கண்டு வியந்தவனோ ஒரு சங்கீதத்தைப் பெற்றுக்கொள்கிறான்.

சங்கீதம் என்று சொன்னேன். எபிரெயருடைய பாட்டுப் புத்தகத்தைச் சற்றுத் திறந்து பாருங்கள். 148ஆம் சங்கீதத்தில் தேவனைத் துதிக்கும்படி அழைக்கப்படுகிறவர்களின் பட்டியலில், தூதர்களுக்கும் சூரிய சந்திரருக்கும் பின்பு, நமது தமிழ் வேதாகமம் 'மகா மச்சங்கள்' என்று மொழிபெயர்க்கும் கடலின் பெருஞ்சிருஷ்டிகளும், அவை வாழும் ஆழங்களும் வருகின்றன. ராஜாக்களும் வாலிபரும் முதியோரும் அவற்றிற்குப் பின்புதான் வருகிறார்கள். அங்கே சங்கீதக்காரன் மச்சங்களைக் குறித்துப் பேசவில்லை. மச்சங்களையே விளித்துப் பேசுகிறான். ஜப்பானியப் பாடகன் மீனை நோக்கிப் பேசியது புதுமை என்று நினைத்தோமானால், அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எருசலேமில் அது ஆராதனை முறையாயிருந்தது.

இது சிருஷ்டியை வணங்குவதாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சங்கீதக்காரன் மச்சத்தைத் தொழவில்லை; தன்னோடு சேர்ந்து தொழும்படி அதை அழைக்கிறான். தொழப்படுவதும் உடன்தொழுவதும் ஒன்றல்ல. உடன்தொழும் ஒன்றை அற்பமாய் எண்ண முடியாது என்பதையே நான் சொல்ல வருகிறேன்.

இன்னும் ஒன்று. ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் 'பாரா' என்னும் எபிரெய வினைச்சொல், சிருஷ்டித்தார் என்ற பொருளில், முதலாவது வானத்துக்கும் பூமிக்கும் வருகிறது. மூன்றாவதாக மனிதனுக்கு வருகிறது. நடுவே, இரண்டாவதாக, அது வருவது 21ஆம் வசனத்தில், மகா மச்சங்களுக்கும் கடல்வாழ் ஜீவன்களுக்கும் பறவைகளுக்கும். அதற்கடுத்த வசனத்தைக் கவனியுங்கள். வேதாகமத்தின் முதல் ஆசீர்வாதம் மனிதன்மேல் கூறப்பட்டதன்று. மீன்கள்மேலும் பறவைகள்மேலும் கூறப்பட்டது. மனிதன் இன்னும் உருவாக்கப்படாத ஐந்தாம் நாளிலே, அவனுக்குப் பயன்படுமா என்று கேட்பதற்கே ஒருவரும் இல்லாதபொழுது, தேவன் அவற்றை நல்லது என்று கண்டார். யோபின் புஸ்தகம் 41ஆம் அதிகாரமோ ஒரு முழு அதிகாரத்தையும் லிவியாதானுக்கு ஒதுக்குகிறது. மனிதன் அதைப் பிடிக்கவோ விற்கவோ வேலைவாங்கவோ முடியாது என்பதுதான் அங்கே அதன் பெருமை. 104ஆம் சங்கீதத்தில் அதே லிவியாதானுக்குக் கூறப்படும் ஒரே வேலை, கடலில் விளையாடுவது.

நமது பாடல்களுக்குத் திரும்புவோம். மலரும் நிலவும் குருவியும் நம் பாடல்களில் உண்டு. அவை அழகானவை; பாடவேண்டியவையே. ஆனால் அழகில்லாதவை எங்கே? தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் தம்முடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில், அக்காலத்தில் தமிழுக்குப் புதிதாய் வந்த வானசாஸ்திரத்தையே பாட்டாக்கினார். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்னும் அறிவு அவருடைய பக்திக்கு இடையூறாகவில்லை, பாடுபொருளாயிற்று. அந்த விசாலம் நமக்கு முன்னோர் வைத்துப்போன சொத்து. இன்று நம் புதிய பாடல்கள் பலவற்றை எண்ணிப் பாருங்கள். எனக்கு, என்னை, என் என்னும் சொற்களே அவற்றில் நிறைந்திருக்கின்றன. என் தேவை, என் கண்ணீர், என் ஜெயம். கண்ணீரைப் பாடுவது தவறன்று. சங்கீதங்களும் அதைப் பாடுகின்றன. ஆனால் அவை அதை மாத்திரம் பாடுவதில்லை.

தனக்குப் பயன்படுவதை மாத்திரமே பாடப் பழகிய சபை, பயன்படுகிறவரை மாத்திரமே நேசிக்கப் பழகிவிடும். இதுவே என் அச்சம். கொமோரோஸ் மீனவர்கள் சீலகாந்தைக் 'கொம்பெஸ்ஸா' என்று அழைத்தார்கள். எண்ணெய்ப் பசை மிகுந்த அதன் மாமிசம் உண்பதற்கு உகந்ததல்ல. ஆகவே அது பெரிதாய் மதிக்கப்படவில்லை. நம் நடுவிலும் அப்படி எண்ணப்படுகிறவர்கள் உண்டு. காணிக்கை கொடுக்க இயலாதவர்; பேச்சு வராத பிள்ளை; படுக்கையிலேயே ஆண்டுகளைக் கழிக்கும் தாயார்; 'பழைய பஞ்சாங்கம்' என்று இளையோர் நகைக்கும் முதியவர். இவர்களைக் கணக்கில் வைக்காமல் நடத்தும் திட்டங்கள் எத்தனை! லிவியாதானைக் குறித்து மகிழும் தேவன், இவர்களைக் குறித்து எவ்வளவு அதிகமாய் மகிழ்வார்!

வியப்பு மாத்திரம் போதாது என்பதையும் சொல்லியாகவேண்டும். அதற்கும் இந்த மீனின் சரித்திரமே சாட்சி. முதல் மீனின் உள்ளுறுப்புகள் கெட்டுப்போயின. ஆகவே ஸ்மித் இன்னொன்றைத் தேடி, வெகுமதி அறிவிக்கும் துண்டுப்பிரசுரங்களைக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் பரப்பினார். 14 ஆண்டுகள் சென்றன. 1952 டிசம்பரில், அன்ஜுவான் தீவில், அஹமதி அப்துல்லா என்னும் மீனவரின் தூண்டிலில் இரண்டாவது மீன் அகப்பட்டது. அது அழுகுமுன் கொண்டுவர விமானம் வேண்டும். ஸ்மித் தென்னாப்பிரிக்காவின் பிரதமர் டி. எஃப். மாலனைத் தொலைபேசியில் கேட்டார். மாலன் அரசியலுக்கு வருமுன் டச்சு சீர்திருத்தச் சபையின் போதகராயிருந்தவர். பரிணாமக் கொள்கையை ஏற்காத அச்சபையின் மனிதர் மறுத்துவிடுவாரோ என்ற ஐயம் இருந்தது. அவரோ கிறிஸ்துமஸ் விடுமுறையின் நடுவிலும் ராணுவ விமானத்தைக் கொடுத்தார். ஸ்மித் நன்றியோடு அந்த மீனுக்கு 'மாலானியா' என்று பெயர் சூட்டினார்.

அந்த மாலன்தான் 1948இல் பதவியேற்று, அபார்தைட் என்னும் நிறவெறிச் சட்டங்களை நாட்டில் நிலைநிறுத்தத் தொடங்கியவர். தொலைதூரத்து மீன் ஒன்றுக்காக விமானம் அனுப்பக்கூடிய மனது, தன் தெருவில் நடந்த கறுப்பின மனிதனைத் தனக்குச் சமமாய்க் காண மறுத்தது. அவரும் சங்கீதம் வாசித்துப் பிரசங்கித்தவர்தான். ஆமோஸ் தீர்க்கதரிசியின் 5ஆம் அதிகாரத்தை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. நியாயம் புரண்டோடாத இடத்தில் எழும்பும் பாட்டு, தேவனுடைய காதுக்கு இரைச்சலே. மீனைப் பாடச் சொல்லுகிற நான், இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு அநியாயம் செய்தவனாவேன்.

அந்த இரண்டாம் மீனும் முதலாம் மீனின் இனமே என்று பிற்பாடு தெளிவாயிற்று. ஆகவே மாலானியா என்னும் பெயர் வழக்கொழிந்தது. பிரதமரின் பெயர் போயிற்று. நாறுகிற மீனைக் கைவிடாத அருங்காட்சியகப் பெண்மணியின் பெயர் நிலைத்தது. அதிகாரத்தில் உள்ளோர் பெற்றுக்கொள்ளும் மரியாதைகளின் ஆயுளை இதிலே கண்டுகொள்ளுங்கள்.

இன்று அந்த மீனுக்கு வேறொரு ஆபத்து நேர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையோரத்து சீலகாந்த், மிகவும் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 1998இல் இந்தோனேசியாவில் அறியப்பட்ட, அவ்வூர் மீனவர்கள் 'கடலரசன்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கும் மற்றொரு இனமும் பாதுகாப்பான நிலையில் இல்லை. தான்சானியாவின் கரையோரத்தில் சுறாவுக்காக ஆழத்தில் விரிக்கப்படும் வலைகளில் இவை தவறுதலாய் அகப்படுகின்றன. ஐந்து ஆண்டுகள் சுமந்து குட்டி ஈனும் ஒரு ஜீவன், ஐம்பது வயதுக்கு மேல்தான் தாயாகக்கூடிய ஒரு ஜீவன், மனிதனின் அவசரத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அந்த வலையை வீசுகிறவர் பொல்லாதவரல்லர். தம் பிள்ளைகளுக்கு ஆகாரம் தேடுகிறவர். அவருடைய பசியையும் மீனின் அழிவையும் சேர்த்தே சிந்திப்பதுதான் நீதி. ஒன்றை மறந்து மற்றொன்றைப் பாடுவது அரைப்பாட்டு.

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரத்திற்கு மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். 104ஆம் சங்கீதத்தையும் யோபு 38 முதல் 41 வரையிலான அதிகாரங்களையும் குடும்ப ஜெபத்தில் சத்தமாய் வாசியுங்கள். ஓய்வுநாள் பாடசாலையில் கற்பிக்கிறவர்கள், பிள்ளைகள் அருவருக்கும் ஏதாவது ஒரு சிருஷ்டியைக் குறித்து, அது பல்லியானாலும் அட்டையானாலும், நான்கு வரிப் பாட்டு ஒன்று கட்டச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் சிரிப்பார்கள், பின்பு உற்றுப் பார்ப்பார்கள். மூன்றாவது, பயனற்றவர் என்று நம் வீட்டாரோ சபையாரோ ஒதுக்கிவைத்த ஒருவரை இவ்வாரத்தில் போய்ப் பாருங்கள். கையில் ஏதேனும் கொண்டுபோனாலும் சரி, வெறுங்கையாய்ப் போனாலும் சரி. அவர் பக்கத்தில் அமர்ந்து, அவருக்குப் பிடித்த ஒரு பழைய கீர்த்தனையை அவரோடு சேர்ந்து பாடுங்கள்.

ஆழங்களையும் அவற்றில் உலாவுகிறவற்றையும் உண்டாக்கி, அவற்றின்மேல் முதல் ஆசீர்வாதத்தைக் கூறின தேவன், நம் பாட்டையும் நம் நடக்கையையும் விசாலமாக்குவாராக. ஆமென்.